தலைக்காயத்துக்குப் பிறகு அண்ணன்: மறுவாழ்வு வார்டில் கற்றுக்கொண்டவை

தலையில் அடிபட்டவர் எழுந்து நடக்க ஆரம்பித்த அன்றே, சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் "அப்பாடா, சரியாகிவிட்டார்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். நடக்கிறார், பேசுகிறார், ஆட்களை அடையாளம் தெரிகிறது, இனி என்ன என்று கேட்கிறார்கள். ஆனால் பெரும்பாலான குடும்பங்களுக்கு உண்மையான கஷ்டம் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். யோசிக்கும் வேகம், கோபத்தை அடக்குவது, ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பது, தன் நிலைமை தனக்கே புரிவது, இதெல்லாம் கைகாலை விட மெதுவாகத்தான் திரும்புகிறது, சிலருக்கு முழுதாகத் திரும்புவதும் இல்லை. என் அண்ணனுக்கு பைக் விபத்தில் தலைக்காயம் ஏற்பட்டு, ஐசியு முடிந்து மறுவாழ்வு வார்டுக்கு வந்த நாளிலிருந்து நானும் அண்ணியும் மாறி மாறி அவர் பக்கத்தில் இருந்தோம். அங்கே பார்த்தது, தெரபிஸ்டுகள் சொல்லிக்கொடுத்தது, வீட்டில் செய்து பார்த்தது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன். இன்று அந்த வார்டின் வாசலில் நிற்கும் யாருக்காவது உதவும் என்ற எண்ணத்தில்தான்.

முதலில் எங்களுக்குப் புரியாத ஒரு விஷயம். அடிபட்டது தலையின் பின்பக்கம், மாறியது குணம், அது எப்படி? மருத்துவர் ஸ்கேனைக் காட்டி விளக்கினார். மண்டையோட்டின் உட்பக்கம் எல்லா இடத்திலும் வழவழப்பாக இல்லை. கண்குழிகளுக்கு மேலேயும், காதுக்கு முன்னால் உள்ள பள்ளத்திலும் எலும்பு கரடுமுரடாக, கூரான விளிம்புகளோடு இருக்கிறது. எந்தப் பக்கம் அடி விழுந்தாலும் உள்ளே மூளை ஆடும்போது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மடலின் அடிப்பகுதியும், காதுப் பக்கமாக இருக்கும் பக்கமடலின் நுனியும் அந்த எலும்பில் போய் மோதுகின்றன. நம்மை அடக்கி வைப்பது, திட்டமிட வைப்பது, இடம் பொருள் பார்த்துப் பேச வைப்பது எல்லாம் பெரும்பாலும் அந்தப் பகுதிகளைச் சார்ந்தவை. அதோடு, வேகமாகத் தலை சுழலும்போது மூளைக்குள் நீளநீளமாக ஓடும் நரம்பிழைகள் இழுபட்டு சேதமாகின்றன. இந்தச் சேதம் சிடி ஸ்கேனில் தெரியாமலே போகலாம். ஸ்கேன் நார்மல் என்று காகிதத்தில் இருக்கும், ஆனால் ஆள் எல்லாவற்றுக்கும் மெதுவாகத்தான் பதில் சொல்வார். இரண்டுமே உண்மையாக இருக்க முடியும்.

மயக்கம் தெளிந்த பிறகு வந்த நாட்கள்தான் எங்களை ரொம்பவே பயமுறுத்தின. அண்ணன் கண் திறந்துவிட்டார், பேசுகிறார், ஆனால் இது மருத்துவமனை என்று தெரியவில்லை. குழாய்களைப் பிடுங்கினார், நர்ஸைக் கெட்ட வார்த்தையில் திட்டினார், அவர் வாயிலிருந்து நாங்கள் ஒருநாளும் கேட்டிராத வார்த்தைகள். "காலையில்தான் வேலைக்குப் போய்ட்டு வந்தேன்" என்று நம்பிக்கையோடு சொல்வார், யாரிடம் பேசினார், என்ன பேசினார் என்பது வரை விவரம் வரும். அது பொய் இல்லை. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாகவே எதையோ வைத்து அடைத்துக்கொள்கிறது, சொல்பவருக்கு அது நிஜமான நினைவாகவே தெரிகிறது. காயத்துக்குப் பிந்தைய மறதிக்காலம் என்று இதைச் சொல்கிறார்கள். புதிய நினைவுகள் தொடர்ச்சியாகப் பதியத் தொடங்கும் வரை இந்தக் காலம் நீடிக்கிறது, அது எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு கடுமையான காயம் என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் 1970களில் உருவான ஒரு படிநிலைப் பட்டியல் இருக்கிறது, அதில் 4-வது நிலையே குழப்பமும் கொந்தளிப்பும் சேர்ந்த நிலைதான். அதை எங்களுக்கு விளக்கிய, அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், "மோசமாகப் போகிறார் என்று நினைக்காதீங்க, இந்த வழியாகத்தான் பலர் மேலே வருகிறார்கள்" என்றார். அன்றிரவுதான் அண்ணி கொஞ்சம் தூங்கினார்.

இந்தக் காலத்தில் விவாதம் செய்யவே கூடாது. "இல்லை, நீ வேலைக்குப் போகல, ஆக்சிடென்ட் ஆச்சு" என்று வாதாடினால் கொந்தளிப்புதான் கூடும், சொன்னது பத்து நிமிடத்தில் மறந்தும் போகும். மென்மையாக ஒரு தடவை இடத்தையும் நாளையும் சொல்லிவிட்டு, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவோம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே, ஒரு குரல்தான் பேசும், டிவி கிடையாது, வெளிச்சம் குறைவு. பார்க்க வருபவர்களை வெளியிலேயே நிறுத்துவது உறவுகளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அறைக்குள் நான்கு பேர் சேர்ந்து "என்னைத் தெரியுதா, நான் யாரு சொல்லு" என்று கேட்பது, காயம்பட்ட மூளைக்குச் சித்திரவதை. தயவுசெய்து அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள், கேட்க விடாதீர்கள். "அண்ணா, நான் உன் தம்பி, பார்க்க வந்தேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

இதற்குப் பின்னால் நல்ல காரணமும் இருக்கிறது. நினைவாற்றல் கெட்டுப்போனவர்கள் ஊகித்துச் சொல்லும் தவறான பதில், சரியான பதிலை விட ஆழமாகப் பதிந்துவிடக்கூடும். நமக்கு ஒரு தவறு நடந்தால் "ஓ, இது தப்பு" என்பதும் சேர்ந்து ஞாபகம் இருக்கும், அதனால் திருத்திக்கொள்கிறோம். அவர்களுக்குத் திருத்தம் மறந்துபோகும், தப்பாகச் செய்த பழக்கம் மட்டும் தங்கிவிடும். அதனால்தான் தவறே நேராமல் கற்றுக்கொடுக்கும் முறை என்று ஒன்றைக் கையாள்கிறார்கள். ஊகிக்கச் சொல்லாமல், முதல் தடவையிலிருந்தே சரியானதையே காட்டி, சரியானதையே செய்யவைத்து, உதவியை மெல்ல மெல்லக் குறைப்பது. வார்டில் மாரடைப்பில் மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல் நினைவு கெட்ட ஒரு அம்மா இருந்தார். காலையில் வந்த தெரபிஸ்டை மதியம் அடையாளம் தெரியாது. ஆனால் அவருடைய அறையிலிருந்து ஜிம்முக்கு ஒரே வழியில், ஒரே இடத்தில் திரும்பி, தினமும் கூட்டிப்போனதில் அவர் கால்கள் வழியைக் கற்றுக்கொண்டன. "வழி தெரியுமா?" என்று கேட்டால் தெரியாது என்பார், எழுந்து நடந்தால் சரியாகப் போய்ச் சேர்வார்.

இது ஏன் சாத்தியம் என்று தேடியபோது ஹென்றி மொலைசன் பற்றிப் படித்தேன். 1953-ல் வலிப்பு நோய்க்காக அவருடைய மூளையின் இரு பக்கமும், புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை அகற்றினார்கள். அதன் பிறகு 2008-ல் இறக்கும் வரை புதிதாக நடந்த எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை என்றே சொல்லலாம். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோட்டை வரைய அவருக்குப் பயிற்சி கொடுத்தார். நாளுக்கு நாள் அவர் கை தேறியது, ஆனால் முன்பு வரைந்த ஞாபகமே இல்லை. நினைவு என்பது ஒரே பொருள் இல்லை, பழக்கமாகப் படிவது வேறு பாதையில் போகிறது. இது எனக்குக் கொடுத்த தெம்பு கொஞ்சநஞ்சம் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லி அண்ணனை வருத்துவதை விட்டு, பழக்கமாக்க என்னவெல்லாம் முடியும் என்று யோசிக்க ஆரம்பித்தோம். பர்ஸ், சாவி, போன் மூன்றுக்கும் ஒரே இடம், மாற்றமே கிடையாது. போனில் அலாரம், அலாரத்தோடு என்ன செய்ய வேண்டும் என்ற ஒரு வரி. கதவில் ஒட்டிய சீட்டு. எல்லாம் சாதாரண விஷயங்கள், ஆனால் தினமும் ஒரே மாதிரி நடந்தால் வேலை செய்கின்றன.

அப்புறம் வந்தது நான் எதிர்பார்க்காத ஒன்று. கொந்தளிப்பு அடங்கியதும் அண்ணன் சும்மா இருக்க ஆரம்பித்தார். மணிக்கணக்கில் கட்டிலில், எதுவும் கேட்காமல், போர் அடிக்கிறது என்றுகூடச் சொல்லாமல். "குளிக்கணுமா?" என்றால் "ஆமா, குளிக்கணும்" என்பார், எழுந்திருக்க மாட்டார். சோம்பேறித்தனம் என்றார்கள் சிலர், எல்லாரும் செய்துகொடுப்பதால் வந்த சொகுசு என்றார்கள் இன்னும் சிலர். மூளைக்காயம் யோசனையையும் நடத்தையையும் எப்படி மாற்றுகிறது என்று பார்க்கும் உளவியலாளரான நியூரோசைக்காலஜிஸ்ட் சொன்னது வேறு. முன்மடலில் தொடங்கிவைக்கும் அமைப்பு அடிபட்டால், என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், செய்யும் திறனும் இருக்கும், ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த முதல் உந்துதல் வராது. மனச்சோர்வும் வெளியே இப்படித்தான் தெரியும், ஆனால் மனச்சோர்வில் இருப்பவருக்கு உள்ளே வலி இருக்கும், அழுகை, குற்றவுணர்வு, எதிர்காலம் பற்றிய பயம் இருக்கும். உந்துதல் இழந்தவருக்குப் பல நேரம் வருத்தமும் இருக்காது. இரண்டும் சேர்ந்தும் வரலாம், இரண்டுக்கும் சிகிச்சை வேறு, அதனால் மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும்.

எங்களுக்கு உதவியது, கேள்வி கேட்பதை நிறுத்தியது. "பல் தேய்க்கிறியா?" என்பதற்குப் பதில் பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிடுவது. கையில் வந்துவிட்டால் மீதி தானாக நடக்கும். பல நேரம் முதல் அடிதான் அடைப்பு. வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக எழுதி, குளியலறைச் சுவரில் நனையாதபடி ஒட்டி, ஒவ்வொன்றாக முடிந்ததும் அடுத்ததை விரலால் தொட்டுக் காட்டினோம். பேசிப் பேசி நினைவூட்டினால் நச்சரிப்பாகி எரிச்சல் வந்துவிடுகிறது, சுவரில் இருக்கும் சீட்டு யாரையும் நச்சரிப்பதில்லை. கூடவே இன்னொன்று, கேட்ட பிறகு காத்திருக்கப் பழக வேண்டும். நரம்பிழை சேதத்தில் யோசனையின் வேகம் குறைந்துவிடுகிறது. ஒரு கேள்வி கேட்டு, மனதுக்குள் பத்து எண்ணும் வரை வாயை மூடிக்கொண்டு இருங்கள். நம்மில் பெரும்பாலோர் மூன்று எண்ணுவதற்குள் அதே கேள்வியை வேறு வார்த்தையில் திரும்பக் கேட்கிறோம், அவர் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது, கடைசியில் "புரியவில்லை போல" என்று நாமே முடிவு செய்கிறோம். அவருக்குப் புரிந்துதான் இருந்தது, நேரம்தான் கொடுக்கவில்லை.

கோபம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகு குடும்பங்கள் உடைவது பெரும்பாலும் இதில்தான். பொறி தட்டியதும் வெடிப்பு, பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி "சாப்பிடலாமா?" என்பார். நாம் அந்த வார்த்தைகளை இரவு முழுக்கச் சுமந்துகொண்டு இருப்போம். தெரபிஸ்ட் ஒரு நோட்டு போடச் சொன்னார். கோபம் வந்தால் என்ன சொன்னார் என்று எழுத வேண்டாம், அதற்கு முன் அரை மணி நேரத்தில் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள் என்றார். சில வாரங்களில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. தெரபி முடிந்து வந்த மதிய வேளை, டிவி ஓடிக்கொண்டிருக்கும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், அவரிடம் ஒரு முடிவு கேட்கப்படும். கிட்டத்தட்ட எல்லா வெடிப்பும் இந்தக் கூட்டணியில்தான். காயம்பட்ட மூளைக்குச் சாதாரண விஷயங்களுக்கே அதிக உழைப்பு தேவைப்படுகிறது, அந்தக் களைப்பு உடம்புக் களைப்பு மாதிரி வெளியே தெரியாது, கோபமாகத்தான் வெளியே வரும். மதிய ஓய்வைக் கட்டாயமாக்கினோம், டிவியை நிறுத்தினோம், முடிவு கேட்கும் பேச்சுகளைக் காலைக்கு மாற்றினோம். கோபம் முழுதாகப் போகவில்லை, ஆனால் நன்றாகக் குறைந்தது. வெடித்த நேரத்தில் நியாயம் பேசாமல், "நான் அஞ்சு நிமிஷத்தில வரேன்" என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போவதுதான் எல்லோருக்கும் பாதுகாப்பு. அடிக்க வருகிறார், பொருள்களை எறிகிறார் என்றால் அதைச் சகித்துக்கொண்டு மறைக்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்தும் உண்டு, முறையான நடத்தைப் பயிற்சியும் உண்டு.

அண்ணனின் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அண்ணி தவித்தார். கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: "அப்பாவோட மூளையில கோபத்தை நிறுத்துற இடத்துல அடிபட்டிருக்கு. அது ஆறிட்டு வருது. நீ எதுவும் தப்பு பண்ணல." பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தாங்களே காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கடி சொல்ல வேண்டியிருந்தது.

கூச்சமில்லாத பேச்சு, தொடக்கூடாத இடத்தில் தொடுவது, எதிரில் வருபவரின் உருவத்தைப் பற்றி உரக்கக் கருத்துச் சொல்வது, இவையும் வரும். சுற்றியிருப்பவர்கள் சங்கடத்தில் சிரித்துவிடுவார்கள், அந்தச் சிரிப்பே மறுபடி செய்ய வைக்கும். உடனே, குரலை உயர்த்தாமல், ஒரே வரியில் "அண்ணா, அப்படிச் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட வேண்டும். மாலையில் உட்கார வைத்து அறிவுரை சொல்வதில் பலனில்லை.

எல்லாவற்றையும் விடக் கடினம், தனக்கு என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியாமல் இருப்பது. "எனக்கு ஒண்ணுமில்ல, நாளைக்கே வேலைக்குப் போறேன், வண்டிச் சாவியைக் கொடு." இது பிடிவாதமும் இல்லை, வேண்டுமென்றே மறுப்பதும் இல்லை. தன் குறையைத் தானே உணரும் வேலையையும் மூளைதான் செய்கிறது, அந்த இடமும் அடிபட்டிருக்கலாம். பக்கவாதம் வந்து கை அசையாமல் கிடப்பவரே "என் கை நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்வதை ஜோசப் பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் 1914-லேயே விவரித்திருக்கிறார். அதே வார்டில், மூளையின் வலப்பக்கம் ரத்த ஓட்டம் தடைப்பட்ட ஒரு பெரியவர் முகத்தின் வலப்பாதியை மட்டும் ஷேவ் செய்துவிட்டு முடித்துவிட்டேன் என்பார். கண் பார்வையில் குறையில்லை. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே கவனம் விட்டுவிட்டது. அவரோடு யார் வாதாடி ஜெயிக்க முடியும்?

எங்கள் நியூரோசைக்காலஜிஸ்ட் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. குறையை நிரூபிக்க முயலவே இல்லை. ஒரு வேலையைக் கொடுப்பதற்கு முன்னால், "இது முடிய எவ்வளவு நேரம் ஆகும்? எங்காவது தடுமாறுவீங்களா?" என்று கேட்டு அண்ணன் வாயாலேயே ஒரு கணிப்பை வாங்கி எழுதிக்கொள்வார். முடிந்ததும் இருவரும் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவமானம் இல்லை, யாரும் குத்திக்காட்டவில்லை, கணிப்புக்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை அவரே பார்க்கிறார். மெல்ல மெல்ல அந்த இடைவெளி குறைந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை, இந்த உணர்வு வரும்போது துக்கமும் சேர்ந்து வருகிறது. இழந்தது என்ன என்று அப்போதுதான் அவருக்கே தெரிகிறது. முன்னேறுகிறார் என்று நாம் சந்தோஷப்படும் அதே வாரத்தில் அவர் சாவதைப் பற்றிப் பேசலாம். அதை லேசாக எடுக்கவே கூடாது, உடனே சிகிச்சைக் குழுவிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல், டெஸ்ட் அறையில் நன்றாகச் செய்பவர் வீட்டில் தடுமாறுவது. 1991-ல் டிம் ஷாலிஸ், பால் பர்கெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், முன்மடல் காயம்பட்ட மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். அறிவுத்திறன் தேர்வில் அவர்கள் நன்றாகவே செய்தார்கள், ஆனால் கடைத்தெருவில் சில எளிய வேலைகளை விதிகளோடு முடித்து வரச் சொன்னபோது திணறினார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். தேர்வு அறையில் சத்தமில்லை, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எதிரில் இருப்பவர் சொல்கிறார். அவருடைய முன்மடல் செய்ய வேண்டிய வேலையைத் தேர்வு வைப்பவரே செய்துவிடுகிறார். அதனால் அலுவலகத்திலோ காப்பீட்டிலோ "பேசினால் நன்றாகத்தானே இருக்கிறார்" என்று யாராவது சொன்னால், வீட்டில் நடப்பதை எழுதி வைத்த நோட்டை எடுத்துக் காட்டுங்கள். அந்த நோட்டு எங்களுக்குப் பெரிய துணை.

முன்மடல் காயம் பற்றிப் பேசினாலே எல்லோரும் சொல்வது ஃபினியஸ் கேஜ் கதை. 1848-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில் பாதை வேலையில் வெடிவிபத்து, ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான இரும்புக் கம்பி கன்னத்தில் புகுந்து தலை வழியாக வெளியேறியது. பிழைத்தார், ஆனால் முன்கோபியாக, முறையில்லாதவராக மாறிவிட்டார், நண்பர்களே இவர் பழைய கேஜ் இல்லை என்றார்கள். பலரும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பிற்பாதி. அவர் பிறகு சிலி நாட்டுக்குப் போய் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். நேரத்துக்கு எழுந்து, குதிரைகளைத் தயார் செய்து, பயணிகளோடு பேசி, தெரிந்த பாதையில் ஓட்டும் வேலை. ஒழுங்கான தினசரி வேலை அவரை மீட்க உதவியிருக்கும் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், ஆனால் இரண்டு வருடத்தோடு கதவு மூடிவிடும் என்பது உண்மையில்லை. அண்ணன் இன்று பழைய வேலையில் இல்லை, அரைநாள், ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொறுப்பு, மேற்பார்வை செய்ய ஒருவர் என்று வேறு வேலை பார்க்கிறார். வண்டி ஓட்டுவதை மருத்துவர் சோதித்து அனுமதிக்கும் வரை ஒத்திவைத்திருக்கிறோம். மது கூடவே கூடாது, காயம்பட்ட மூளைக்கு அது அதிகப் பாதிப்பு, வலிப்பு வரும் ஆபத்தும் கூடும்.

பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அண்ணி ஒருநாள் என்னிடம், "பக்கத்துலயே இருக்காரு, ஆனா எனக்கு அவரைத் தேடுது" என்றார். இறப்பு இல்லாததால் அழவும் அனுமதி இல்லாத துக்கம் இது. மாற்றி விட ஆள் ஏற்பாடு செய்யுங்கள், வாரத்தில் சில மணி நேரமாவது வெளியே போங்கள், அதே அனுபவம் உள்ள இன்னொரு குடும்பத்தோடு பேசுங்கள். இதைச் சுயநலம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நன்றாகப் போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று குழம்பினால், மந்தமானால், கோபம் பல மடங்கு கூடினால், "பழையபடி ஆரம்பிச்சுட்டார்" என்று விட்டுவிடாதீர்கள். அண்ணனுக்கு ஒரு தடவை அப்படி வந்தபோது காரணம் சிறுநீர்த் தொற்று, அவரால் வலியைச் சொல்லத் தெரியவில்லை. மலச்சிக்கல், தூக்கமின்மை, புதிதாகச் சேர்த்த மாத்திரை, வெளியே தெரியாத வலிப்பு, மூளைக்குள் நீர் தேங்குவது, தாமதமாகக் கசியும் ரத்தம், எதுவாகவும் இருக்கலாம், இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கூடவே வாந்தி, கடும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம் என்று எது இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குத்தான். மாத்திரைகளின் பட்டியலையும் அந்த நோட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், போன வாரம் வரை அவர் எப்படி இருந்தார் என்பது அதில்தான் இருக்கும்.